ஓ.டி. வேறு, சம்பளம் வேறு

இந்த அத்தியாயத்தைப் படிக்கத் தொடங்கும் முன் போன மாதச் சம்பளச் சீட்டைத் தேடி எடுத்து வாருங்கள். ஈப்போ ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் வேலை செய்கிற பலர் அதை மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் செருகி வைத்திருப்பார்கள்; மழையில் ஊறி எழுத்து பாதி அழிந்திருக்கும். சிலருக்கு இப்போது கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது, ஆனால் திறப்பதில்லை. வங்கியில் எவ்வளவு விழுந்தது என்று பார்ப்பதோடு கதை முடிகிறது. "கையில எவ்ளோ?" என்று கேட்டால் உடனே சொல்வார்கள். "பேசிக் எவ்ளோ?" என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள்.

சீட்டின் தலையில் ஒரு கம்பெனி பெயர் இருக்கும். அது நீங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையின் பெயரா, உங்களை அங்கே கொண்டுபோய் விட்ட குத்தகைக்காரரின் பெயரா என்று பாருங்கள். குத்தகைக்காரர் பெயராக இருந்தால் அவர்தான் உங்கள் முதலாளி. லீவு, சேமநிதி, சொக்சோ எதுவானாலும் அவரிடம்தான் கேட்க வேண்டும், தொழிற்சாலை எச்.ஆர். வாசலில் நின்று பயனில்லை. அதற்குக் கீழே உங்கள் பதவிப் பெயர். அது கொஞ்சம் பெரிய விஷயம், பின்னால் வருகிறேன். பிடித்தம் என்ற பகுதியில் சேமநிதி, சொக்சோ, வேலைக் காப்புறுதி தவிர வேறு ஏதாவது இருந்தால் என்னவென்று கேளுங்கள். ஒரு மாதத்தில் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் பொது விதி. சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

இப்போது பேசிக். குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாக இருந்தது. 2022 மே மாதம் 1,500 ஆனது. 2025 பிப்ரவரி முதல் 1,700. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கு மட்டும் ஆகஸ்டு வரை தவணை கிடைத்தது. உங்கள் பேசிக் 1,700ஐ ஒட்டியே நின்றால், இத்தனை வருஷத்தில் உங்கள் சம்பளத்தை ஏற்றிவிட்டது அரசாங்கம்தான், முதலாளி அல்ல. சொல்லக் கொஞ்சம் கசப்பாக இருக்கிறது. ஆனாலும் பத்து வருஷம் வேலை செய்தவரும் நேற்று வந்தவரும் ஒரே பேசிக்கில் நிற்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

சரி, மிச்சப் பணம் எங்கிருந்து வருகிறது? ஓ.டி. 1,700 வெள்ளியை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 65 வெள்ளி 38 காசு. நாளுக்கு 8 மணி நேர வேலை என்றால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு, அதாவது 12 வெள்ளி 26 காசு. மாதத்துக்கு 104 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி. வாங்கக்கூடாது என்பது விதி. நாளுக்கு 4 மணி, மாதம் 26 நாள் என்று பெருக்கிப் பாருங்கள், சரியாக 104. தொழிற்சாலைகளில் ஏன் 12 மணி நேர ஷிப்ட் இவ்வளவு பிரபலம் என்பது இப்போது புரியும். அப்படி முழுதாக ஓ.டி. அடித்தால் 1,275 வெள்ளி கூடுதலாக வரும். மொத்தம் 2,975. பார்க்க நல்ல சம்பளம்தான். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களிடம் மூவாயிரம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

(இடையில் ஒரு செய்தி. தீபாவளி அன்று வேலைக்குப் போனால் 'ட்ரிப்பள்' கிடைக்கும் என்று நம்பிப் போகிறவர்கள் முதலில் அறிவிப்புப் பலகையைப் பார்க்க வேண்டும். சம்பளத்தோடு தரவேண்டிய 11 பொது விடுமுறைகளில் சட்டம் பெயர் சொல்லிக் கட்டாயமாக்குவது ஐந்தைத்தான். மீதியை முதலாளி தேர்ந்தெடுத்து அறிவிக்கலாம். தீபாவளி அந்தக் கட்டாய ஐந்தில் இல்லை. பேராவில் பொது விடுமுறையான தைப்பூசமும் இல்லை. வருஷத் தொடக்கத்திலேயே பட்டியலைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.)

இனி எந்தக் கேன்டீனிலும் யாரும் பேசாத விஷயம். ஓ.டி. பணத்துக்குச் சேமநிதி கிடையாது. சொக்சோவுக்கு ஓ.டி.யையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பார்கள். சேமநிதிச் சட்டமோ அதைச் சம்பளமாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே 2,975 வெள்ளி சம்பாதிக்கிறவருக்கும் சேமநிதி 1,700க்குத்தான்: உங்கள் பங்கு 11 விழுக்காடு 187 வெள்ளி, முதலாளி பங்கு 13 விழுக்காடு 221 வெள்ளி, ஆக 408. பக்கத்து லைனில் 2,400 பேசிக்கோடு, ஓ.டி. அதிகம் இல்லாமல், ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகிற டெக்னிஷியனுக்கு 576. கையில் வாங்குவது உங்களைவிடக் குறைவு. ஆனால் சேமநிதியில் மாதம் 168 வெள்ளி, வருஷத்துக்கு 2,016 வெள்ளி உங்களைவிட அதிகம், லாப ஈவு தனி. எம்.சி. எடுத்த நாளில் உங்களுக்குக் கிடைப்பதும் சாதாரண நாள் சம்பளமே. மனைவி பிரசவ விடுப்பில் இருக்கும் 98 நாளுக்கும் அவருடைய சாதாரணச் சம்பளம்தான் அளவுகோல். உடம்பு முடியாத காலத்தில் ஓ.டி. கூட வராது.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது இது எல்லார் வீட்டிலும் ஒரே மாதத்தில் தெரிந்தது. ஓ.டி. ஒரே நாளில் நின்றது. மோட்டார் தவணை, கார் தவணை, வீட்டு வாடகை எல்லாம் மூவாயிரம் வெள்ளிக் கணக்கில் போட்டவை. ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, பிறகு 2022இல் பத்தாயிரம் வெள்ளி சிறப்பு மீட்பு என்று சேமநிதிக் கதவு நாலு தடவை திறந்தது. ஏற்கெனவே சின்ன பேசிக்கில் சேர்ந்த சின்னத் தொகை. அது வெளியே வந்து அரிசியாகவும் வாடகையாகவும் போயிற்று. யாரையும் குறை சொல்வதற்கில்லை, வேறு வழியில்லை.

ஓ.டி. அடிக்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில் அப்படிச் சொல்கிறவன் அந்த வீட்டில் வாழாதவன். ஓ.டி. நேரத்தில் கொஞ்சத்தை எடுத்து பேசிக்கை உயர்த்தும் வேலையில் போடுங்கள் என்பதே இந்த அத்தியாயம் சொல்வது. அதற்கு ஹோட்டல் மண்டபத்தில் டிக்கெட் போட்டு நடக்கும் தன்முனைப்புக் கூட்டங்கள் உதவாது. எழுந்து நின்று கைதட்டச் சொல்வார்கள், பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடிக்கச் சொல்வார்கள், வெளியே வரும்போது ஏதோ ஒரு நேரடி விற்பனைப் பாரம் கையில் இருக்கும். திங்கட்கிழமை பேசிக் அதே இடத்தில் நிற்கும்.

கையில் இருந்த தொழில்

ஜெலாப்பாங், சிலிபின், கிளேபாங் தாமான்களில் இன்று இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவர்களின் தாத்தா பாட்டி கித்தாக் காட்டிலிருந்து வந்தவர்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, திறமை இல்லாதவர்களும் இல்லை. பால் வெட்டு என்பது நுட்பமான கைவேலை. விடியும் முன் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கோடு நிரைக்குப் போய், பழைய வெட்டுக்குக் கீழே மெல்லிய சீவலாகப் பட்டையை எடுக்க வேண்டும். ஆழம் குறைந்தால் மங்கில் பால் விழாது. மயிரிழை கூடினால் மரத்துக்குக் காயம். புதுப் பட்டை முண்டு முண்டாக வளரும், பிறகு அந்தப் பக்கம் கத்தியே ஓடாது. தண்டல் வந்து வெட்டைத் தடவிப் பார்த்தே யார் கை என்று சொல்லிவிடுவார். வெயில் ஏறுமுன் முடித்து, காண்டா வாளியில் பாலைச் சுமந்து ஸ்டோருக்குப் போனால் கிராணி நிறுத்து எழுதிக்கொள்வார்.

அந்தக் கையின் திறமை எந்தத் தாளில் இருந்தது? செக்ரோலில் பெயரும், நாளும், பால் நிறையும் இருந்தன. அவ்வளவுதான். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது செக்ரோல் துரையோடு போயிற்று. லயத்து வீடும் போயிற்று. ஆயாக் கொட்டகை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் கேள்விக்குறி ஆயின. இங்கிருந்து வடக்கே இருக்கும் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்தக் காரணத்தால்தான். தொழிலாளிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டிப் பங்கு வாங்கி, தோட்டத்தைத் தாங்களே வாங்குவது அவர் திட்டம். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. பலர் தப்பினார்கள். தப்பாதவர்கள் டவுனுக்கு வந்தபோது இருபது வருஷப் பால் வெட்டுக்காரரும் ஒன்றும் தெரியாதவரும் ஒரே வரிசையில் நின்றார்கள்: காவல்காரர் வேலை, லோரி அட்டெண்டன்ட் வேலை, புல் வெட்டும் வேலை.

அவர்களுடைய பேரன் இன்று அதே நிலையில் இருக்கிறான் என்றால் நம்பமாட்டீர்கள். பிளாஸ்டிக் வார்ப்பு வேலை செய்யும் ஒரு இடத்தில் நாற்பது வயது தாண்டிய ஒருவரைப் பார்த்தேன். இயந்திர மூடிமேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, "பேரிங் போகப் போவுது, வெள்ளிக்கிழம தாங்காது" என்றார். வெள்ளிக்கிழமை தாங்கவில்லை. டிப்ளோமா முடித்த தம்பி ஒருவன் ஏதாவது சிக்கல் வந்தால் "அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்கண்ணே" என்று அவரைத்தான் கூப்பிடுகிறான். அவருடைய சம்பளச் சீட்டில் பதவி: ஜெனரல் வொர்க்கர்.

"எஸ்.கே.எம். எடுக்கலாமே அண்ணே?"

"எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்? எஸ்.பி.எம்.மே ஒழுங்கா எழுதல. இந்த வயசுல கிளாசுல போயி உக்காரச் சொல்றியா?"

அவர் சொன்ன இரண்டு தடைகளும் உண்மையில் தடைகள் இல்லை. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம்.இன் முதல் நிலைக்கு எஸ்.பி.எம். கேட்பதில்லை, மலாயிலோ ஆங்கிலத்திலோ பேச, படிக்க, எழுதத் தெரிந்தால் போதும். வகுப்பில் உட்காராமலே அதை வாங்க வழியும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் சான்றிதழுக்கு மூன்று பாதைகள் உண்டு. அங்கீகாரம் பெற்ற மையத்தில் படிப்பது ஒன்று. வேலை இடத்திலும் மையத்திலுமாக மாறி மாறிப் பயில்வது இன்னொன்று. மூன்றாவதுதான் நம் அண்ணனுக்கானது: ஏற்கெனவே செய்துவரும் வேலையைச் சான்றாகக் காட்டி வாங்குவது. பி.பி.டி. என்பார்கள். திறன் மேம்பாட்டு இலாகா, அதாவது ஜே.பி.கே., இதைக் கவனிக்கிறது. 1 முதல் 3 வரை சான்றிதழ், 4 டிப்ளோமா, 5 மேல்நிலை டிப்ளோமா.

கோப்பு சேர்ப்பது எப்படி

பி.பி.டி.யின் உயிர் ஒரு கோப்பில் இருக்கிறது. உங்கள் தொழிலுக்கான தரப் பட்டியலை முதலில் வாங்க வேண்டும். நோஸ் என்று கேட்டால் தெரியும். அந்தத் தொழிலைச் செய்கிறவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் நேராக, 'இதை நான் செய்திருக்கிறேன்' என்பதற்கு ஒரு ஆதாரம் வேண்டும்.

ஆதாரம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நீங்கள் பழுது பார்த்த வேலைக்கான ஜாப் ஷீட்டின் நகல், பழுதுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், நீங்கள் நிரப்பிய பராமரிப்பு அட்டவணை, சூப்பர்வைசர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் எல்லாம் ஆதாரம்தான். பலர் தடுக்கி விழுவது படத்தில்தான். படத்தில் இயந்திரம் மட்டும் இருக்கும், வேலை செய்கிறவர் இருக்கமாட்டார். மதிப்பீட்டாளருக்கு அது யார் வேலை என்று எப்படித் தெரியும்? உங்கள் முகமும், கையும், பாதுகாப்புக் கண்ணாடியும் தெரிய வேண்டும். தொழிற்சாலைக்குள் படம் எடுக்கத் தடை இருந்தால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கேட்காமல் எடுத்துவிட்டு வேலைக்கே வினை தேடிக்கொள்ள வேண்டாம். கோப்பைப் பார்த்த மதிப்பீட்டாளர் உங்களை நேரில் கேள்வி கேட்பார், செய்து காட்டச் சொல்வார். உண்மையில் வேலை தெரிந்தவருக்கு இந்தக் கட்டம்தான் சுலபம். எழுத்து வேலைதான் கஷ்டம். அங்கே வெட்கப்படாதீர்கள். மலாயில் வாக்கியம் அமைக்கப் படிவம் ஆறில் இருக்கும் உங்கள் மகளே போதும். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று அவளும் முதன்முறையாகத் தெரிந்துகொள்வாள்.

இன்றிலிருந்தே செய்யக்கூடியது: ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, எந்த இயந்திரம், என்ன கோளாறு, என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரம் ஆயிற்று. நாளுக்கு இரண்டு வரி. எஸ்.கே.எம். எடுக்கிறீர்களோ இல்லையோ, அடுத்த இடத்தில் நேர்முகத்துக்குப் போகும்போது இந்த நோட்டு பேசும். கம்பெனியின் ரகசியம் எதையும் அதில் எழுத வேண்டாம்.

வகுப்புக்கே போக விரும்புகிற இளையவர்களுக்கு ஈப்போவில் குறைவில்லை. நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஒமார் 1969 முதல் இங்கே இருக்கிறது. மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சி நிலையமான ஐ.எல்.பி.யும் உண்டு. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் முதலில் எச்.ஆர்.இடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "கம்பெனி எச்.ஆர்.டி. கோர்ப்புக்கு லெவி கட்டுதா?" பத்தோ அதற்கு மேலோ மலேசியத் தொழிலாளிகளை வைத்திருக்கும் பெரும்பாலான துறை முதலாளிகள் சம்பளத்தில் 1 விழுக்காடு அதற்குக் கட்டுகிறார்கள். அது உங்கள் சம்பளத்தில் பிடிப்பதல்ல, அவர்கள் பணம்; பயிற்சிக்காகவே ஒதுக்கியது. பயன்படுத்தாமல் கிடக்கும் லெவியை உங்கள் வகுப்புக்கு எடுக்கச் சொல்வது பிச்சை கேட்பது ஆகாது.

செலவுக் கணக்கையும் போட்டுவிடுவோம். வகுப்புக்காகவோ கோப்புக்காகவோ வாரம் 8 மணி நேர ஓ.டி.யை விட்டால் 98 வெள்ளி போகும். மாதம் சுமார் 390, ஆறு மாதத்துக்கு 2,350 வெள்ளி. சின்னத் தொகை அல்ல. வீட்டில் சொல்லாமல் செய்தால் சண்டை வரும். சான்றிதழுக்குப் பிறகு பேசிக் 300 வெள்ளி கூடினால், விட்ட காசு எட்டு மாதத்தில் திரும்பிவிடும். அதற்கப்புறம் மாதாமாதம் 300ம், அதன்மேல் முதலாளி போடும் சேமநிதி 39 வெள்ளியும் சும்மா வந்துகொண்டிருக்கும். ஓ.டி. விலையும் ஏறும், ஏனென்றால் அதுவும் பேசிக்கைப் பிடித்துத்தான் தொங்குகிறது.

அந்த ஆறு மாத இடைவெளியை நிரப்பக் கடன் வாங்கும் ஆசை வரும். ஆலோங் பக்கம் போகவே வேண்டாம். உரிமம் உள்ள வட்டிக்கடைக்காரர்கூட ஈடில்லாக் கடனுக்கு வருஷத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது; வாரத்துக்கு இவ்வளவு என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கூட்டு பிடிக்கிறவர்களுக்கும் ஒரு சொல்: கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக்கூடாது என்று 1971லேயே சட்டம் வந்துவிட்டது. கூட்டுத் தலைவி ஊரைவிட்டுப் போனால், போலீஸ் நிலையத்தில் என்ன சொல்லிப் புகார் கொடுப்பது என்றே தெரியாமல் நிற்பீர்கள். ஏற்கெனவே கடனில் இருப்பவர்கள் பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏ.கே.பி.கே.யிடம் போகலாம். ஆலோசனை இலவசம், வங்கியோடு அவர்களே பேசித் தவணையை மாற்றித் தருவார்கள்.

சான்றிதழ் கையில் வந்ததும் நேராக எச்.ஆர்.இடம் சம்பளம் கேட்கப் போகாதீர்கள். முதலில் பதவிப் பெயரைக் கேளுங்கள். ஜெனரல் வொர்க்கர் என்பது டெக்னிஷியன் என்றோ மெயின்டனன்ஸ் அசிஸ்டன்ட் என்றோ மாறினால், சம்பளப் படிநிலையும் மாறத்தான் வேண்டும். மாறாவிட்டாலும் அடுத்த கம்பெனிக்கு எடுத்துப் போக அந்தப் பெயர் இருக்கும். சூப்பர்வைசரை மீறிப் போகாமல், அவரிடம் முதலில் சொல்லி, அவருடைய ஆதரவுக் கடிதத்தோடு போவது நம் ஊர் நடைமுறைக்கு ஒத்துவரும். போனஸ் பேச்சு நடக்கும் மாதத்துக்கு முன்னால் போங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். முடியாது என்று சொன்னால் கோபித்துக்கொண்டு ராஜினாமா எழுதாதீர்கள். வேறு இடத்தில் வேலை உறுதியான பிறகே எழுதுங்கள். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிராவிட்டால் நோட்டீஸ் காலம் இரண்டு வருஷத்துக்குக் குறைவான சேவைக்கு 4 வாரம், ஐந்து வருஷத்துக்குக் குறைவாக 6, அதற்கு மேல் 8. மாறாக அவர்களே காரணமில்லாமல் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தால், நிறுத்திய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். 61ஆம் நாள் போனால் உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கேட்கமாட்டார்கள்.

வகுப்புக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று: வகுப்பு சனிக்கிழமை என்றால் அதை அடுத்த மாத ஷிப்ட் அட்டவணை போடும் முன்பே லைன் லீடரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அட்டவணை ஒட்டிய பிறகு கேட்டால் உங்களுக்குப் பதிலாக யாராவது ஒருவர் தன் லீவை விட வேண்டி வரும், அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.